நீமன்-பிக் நோய்: வயிற்று உறுப்புகளும் மூச்சும் – பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீமன்-பிக் நோய் உள்ள பிள்ளையைச் சென்னையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் கவனமெல்லாம் உப்பிய வயிற்றின் மேல்தான். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எவ்வளவு, மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்கிற பெற்றோரிடம், நுரையீரலைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால் மூச்சு பற்றிய கேள்விகளுக்கு வேண்டுமென்றே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

இது என்ன நோய்? உறுப்புகள் ஏன் வீங்குகின்றன?

நம் உடலின் செல்களுக்குள் லைசோசோம் என்ற சிறு பைகள் உண்டு. பழைய கொழுப்பும் புரதமும் அங்கேதான் உடைக்கப்படுகின்றன. செல்லின் சவ்வில் இருக்கும் ஸ்பிங்கோமையலின் என்ற கொழுப்பை உடைக்க ஒரு என்சைம் வேண்டும். அதன் பெயர் ஆசிட் ஸ்பிங்கோமையலினேஸ். அதைச் செய்யச் சொல்லும் ஜீன் எஸ்எம்பிடி1. இந்த ஜீனின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால் கொழுப்பு உடையாமல் செல்லுக்குள்ளேயே தேங்கும். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நுரையீரல் ஆகிய இடங்களில் துப்புரவு வேலை பார்க்கும் மேக்ரோஃபேஜ் செல்கள்தான் முதலில் நிரம்புகின்றன. மைக்ராஸ்கோப்பில் அவை நுரை நுரையாகத் தெரியும்.

ஆல்பர்ட் நீமன் என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் 1914-இல் இதை விவரித்தார். பிறகு லுட்விக் பிக் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது.

டாக்டர் ஏ என்கிறார், பி என்கிறார், சி என்கிறார். என்ன வித்தியாசம்?

ஏ, பி இரண்டும் மேலே சொன்ன என்சைம் குறைவால் வருபவை. இப்போது இரண்டையும் சேர்த்து ஏஎஸ்எம்டி (ஆசிட் ஸ்பிங்கோமையலினேஸ் குறைபாடு) என்று எழுதுகிறார்கள். என்சைம் ஏறக்குறைய இல்லாமலே போனால் ஏ வகை. முதல் சில மாதங்களிலேயே வயிறு உப்பும், பிறகு வளர்ச்சி நின்று பின்னோக்கிப் போகும், மூளையும் பாதிக்கப்படும். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் மூன்று வயதைத் தாண்டுவதில்லை. இதை மறைத்துச் சொல்வதில் பெற்றோருக்கு நன்மை இல்லை.

கொஞ்சம் என்சைம் மிச்சமிருந்தால் பி வகை. மூளை பெரும்பாலும் தப்பிவிடும். மண்ணீரல், கல்லீரல், நுரையீரல் மூன்றும் பாதிக்கப்படும். பிள்ளை பள்ளிக்குப் போகும், படிக்கும், பெரியவராகவும் வளரலாம். இரண்டுக்கும் நடுவில் ஏ/பி என்றொரு வகையும் உண்டு.

சி வகை பெயரளவில்தான் உறவு. அது என்பிசி1, என்பிசி2 என்ற வேறு ஜீன்களால் வருவது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு நீண்ட நாள் மஞ்சள் காமாலை, பின்னாளில் கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாமை, தள்ளாட்டம், சிரிக்கும்போது திடீரெனத் துவண்டு விழுதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை இதன் அடையாளங்கள். கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மருந்தும் எதிர்பார்ப்பும் அதைப் பொறுத்தே மாறும்.

நோயைக் கண்டுபிடிக்கவே ஏன் இவ்வளவு காலமாகிறது?

மண்ணீரல் வீங்கினால் நம் ஊர் மருத்துவர் முதலில் மலேரியா, தலசீமியா, ரத்தப் புற்றுநோய், போர்ட்டல் ரத்த அழுத்தம் (கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுவது) என்றுதான் யோசிப்பார். அது சரியும்கூட. அவை எல்லாம் இல்லை என்றான பிறகே, இதுபோல் செல்லுக்குள் பொருள் தேங்கும் சேமிப்பு நோய்களின் பக்கம் திரும்புவார்கள். இன்னொரு சேமிப்பு நோயான கோஷே நோயும் ஏறக்குறைய இதேபோல் இருப்பதால், இரண்டு என்சைம்களையும் ஒரே ரத்த மாதிரியில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. எலும்பு மஜ்ஜையில் நுரைச் செல்கள் தெரிந்தால் சந்தேகம் வலுப்படும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஏ, பி வகைகளை ரத்தத்தில் என்சைம் அளவும் அதன்பின் ஜீன் பரிசோதனையும் சேர்ந்துதான் உறுதிப்படுத்தும்.

வடிதாளில் ரத்தச் சொட்டு எடுத்து அனுப்பும் முறையில் சென்னையின் ஈரக்காற்று ஒரு தொல்லை. தாளைப் படுக்கையாக வைத்து, ஃபேன் காற்று நேரே படாமல், மூன்று நான்கு மணி நேரம் நன்றாக உலர விட வேண்டும். ஈரத்தோடு கவரில் போட்டால் என்சைம் கெட்டு, நோய் இல்லாத பிள்ளைக்கும் குறைவாகக் காட்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வயிற்று நோய் என்றுதானே நினைத்தோம். நுரையீரலுக்கு என்ன ஆகிறது?

இரண்டு விதமாகப் பாதிக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது முக்கியம்.

ஒன்று, இடநெருக்கடி. பெரிதான மண்ணீரலும் கல்லீரலும் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நுரையீரல் முழுதாக விரிய முடிவதில்லை. சாப்பிட்டவுடனும் மல்லாக்கப் படுக்கும்போதும் பிள்ளைக்கு மூச்சு வாங்குவது இதனால்தான். உட்கார வைத்தால் உடனே தணியும்.

இரண்டாவது, நுரையீரலுக்குள்ளேயே நடப்பது. காற்றுப்பைகளிலும் அவற்றின் சுவர்களிலும் நுரைச் செல்கள் குவிகின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே மிக மெல்லியதாக இருக்க வேண்டிய சுவர் தடித்துப்போகிறது. காற்று உள்ளே போய் வருகிறது, ஆனால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் கடப்பது மந்தமாகிறது. இதற்கு வலி இல்லை. பல பிள்ளைகளுக்கு இருமல்கூட இல்லை. மாடிப்படி ஏறினால் நிற்பதும், விளையாட்டிலிருந்து சீக்கிரம் ஒதுங்கிவிடுவதும்தான் அறிகுறி. அதையும் ‘உடம்பு வலு இல்லாத பிள்ளை’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

ஏ வகையிலும் சி வகையிலும் மூன்றாவது காரணம் சேர்கிறது. விழுங்கும் தசைகள் தளர்வதால் பாலும் எச்சிலும் புரையேறி நுரையீரலுக்குள் போகின்றன. திரும்பத் திரும்ப வரும் நிமோனியாவுக்கு இதுதான் வேர். என்பிசி2 ஜீன் பழுதான சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரல் பாதிப்பு மிகக் கடுமையாக, மற்ற அறிகுறிகளுக்கு முன்பே வந்துவிடும்.

ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது. அப்படியானால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நுரையீரலின் கணிசமான பகுதி கெட்ட பிறகும் 97, 98 காட்டலாம். ஓய்வில் குறையத் தொடங்குவது நோய் முற்றிய நிலையில்தான். அதனால்தான் ஆறு நிமிட நடைச் சோதனையில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி நடக்க வைக்கிறார்கள். நடக்கும்போது எண் இறங்கினால் அது பெரிய தகவல்.

கருவியைப் பற்றியும் சில வார்த்தைகள். கடையில் கிடைக்கும் பெரியவர்களுக்கான கிளிப் சின்னக் குழந்தையின் விரலில் பொருந்தாது. தப்பான எண்ணைத்தான் காட்டும். கைக்குழந்தைக்குக் கால் கட்டைவிரலில் சுற்றும் வகை வேண்டும். மருதாணி, நெயில் பாலிஷ், குளிர்ந்த கை ஆகியவை அளவைக் குழப்பும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டக்கூடும். எண் ஒரு நிமிடம் நிலையாக நின்ற பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்தப் பரிசோதனை, எப்போது?

மிக முக்கியமானது டிஎல்சிஓ. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளப்பது. சாதாரண ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை) சரியாக இருந்தாலும் டிஎல்சிஓ குறைந்திருக்கலாம். இந்த நோயின் இயல்பே அது. ‘லங் டெஸ்ட் நார்மல்’ என்று யாராவது சொன்னால் எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். மூச்சைப் பத்து விநாடி பிடித்து வைக்கத் தெரிய வேண்டும் என்பதால் ஆறு ஏழு வயதுக்கு முன் இதைச் செய்வது கடினம். அதற்குமுன் வீட்டிலேயே ஊதவும் மூச்சைப் பிடிக்கவும் விளையாட்டாகப் பழக்கினால் முதல் தடவையே ஒழுங்காக வரும். ரத்தசோகை இருந்தால் டிஎல்சிஓ தானாகவே குறைவாகக் காட்டும். எனவே அன்றைய ஹீமோகுளோபின் அளவைக் கொடுத்து, அதற்கேற்பத் திருத்திய எண்ணை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயம் நழுவுவதால் ஒவ்வொரு வருட எண்ணும் ஒப்பிட முடியாமல் போகிறது.

எச்ஆர்சிடி என்ற நுண்ணிய சிடி ஸ்கேனில் கண்ணாடியில் ஆவி படிந்தாற்போன்ற மங்கலும், சுவர்கள் தடித்த கோடுகளும், பெரும்பாலும் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் தெரியும். ஸ்கேன் மோசமாகத் தெரிந்தும் பிள்ளை நன்றாக ஓடலாம், இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். கதிர்வீச்சு இருப்பதால் வருடா வருடம் எடுக்கத் தேவையில்லை. டிஎல்சிஓ, நடைச் சோதனை ஆகியவற்றை வருடத்துக்கு ஒரு முறை செய்து, அதில் மாற்றம் தெரிந்தாலோ சிகிச்சை தொடங்குவதற்கு முன்போ சிடி எடுப்பது போதும் என்பது எங்கள் கருத்து.

மண்ணீரல் அளவைச் சென்டிமீட்டரில் மட்டும் வாங்காமல் கன அளவாகக் கேளுங்கள். இயல்பான மண்ணீரல் உடல் எடையில் சுமார் 0.2 சதவீதம். 20 கிலோ பிள்ளைக்கு 40 மில்லி. ரிப்போர்ட்டில் 400 மில்லி என்றிருந்தால் இயல்பைப்போல் பத்து மடங்கு என்று பொருள். பிள்ளை வளர வளர எடையும் மாறுவதால் இந்த மடங்குக் கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

அடிக்கடி வீசிங் என்று நெபுலைசர் வைக்கிறார்கள். ஆனால் சரியாகவில்லையே?

மூச்சுக்குழாய் சுருங்கினால்தான் நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் மருந்து வேலை செய்யும். இங்கே சிக்கல் காற்றுப்பையில். அதனால் நெபுலைசர் வைத்த பிறகும் மூச்சு எண்ணிக்கை குறைவதில்லை, பிள்ளையின் இதயத் துடிப்புதான் ஏறுகிறது. ஸ்டீராய்டும் தேங்கிய கொழுப்பைக் கரைக்காது. சளிக்காய்ச்சலோடு உண்மையான இழுப்பும் இருந்தால் நெபுலைசர் உதவும். வைத்து இருபது நிமிடத்தில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நெஞ்சில் தட்டிச் சளி எடுக்கும் பிசியோதெரபியில் ஓர் எச்சரிக்கை. இடது பக்கக் கீழ் விலாவில் தட்டவே கூடாது, அதன் அடியில் மண்ணீரல் இருக்கிறது. பிளேட்லெட் குறைவாக இருந்தால் தட்டுவதையே தவிர்த்து, பக்கவாட்டில் படுக்க வைத்து மெல்லிய அதிர்வு மட்டும் கொடுக்கலாம். தலையைத் தாழ்த்தும் நிலை வேண்டாம். உப்பிய வயிறு நெஞ்சை அழுத்தும், பாலும் எதிர்த்து வரும்.

வீட்டில் மூச்சை எப்படிக் கவனிப்பது?

பிள்ளை தூங்கும்போது சட்டையை விலக்கி, முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் குழந்தைகளில் தவறு வரும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. பிள்ளை நன்றாக இருக்கும் நாட்களில் எண்ணி எழுதி வைத்தால்தான் நோயுற்ற நாளின் எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

விலாவுக்கு அடியில் குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலம் பூப்பது, பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு மூச்சு வாங்குவது, ஆக்சிமீட்டரில் 92-க்குக் கீழே நிற்பது – இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பால் கொடுக்கும்போது புரையேறுகிறது. என்ன செய்யலாம்?

பாலாடையிலும் சங்கிலும் படுக்க வைத்து ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள். அழும் குழந்தையின் வாயில் ஊற்றும் பால் எளிதாக மூச்சுக்குழாய்க்குப் போகும். நிமிர்த்தி, தலை சற்று முன்னோக்கி இருக்கும்படி பிடித்து, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுங்கள். தண்ணீர்போல் இருப்பதைவிடக் கேழ்வரகுக் கூழின் பதத்தில் கெட்டியாக இருப்பது பல குழந்தைகளுக்குப் பத்திரம். கெட்டிப்படுத்துவதை மட்டும் விழுங்கும் திறனைப் பார்த்த சிகிச்சையாளர் சொன்ன பிறகு செய்யுங்கள். உணவுக்குப் பின் அரை மணி நேரம் 30 முதல் 45 பாகை சாய்வில் வைத்திருங்கள். வயிறு சீக்கிரம் நிரம்பிவிடுவதால் மூன்று வேளைக்குப் பதில் ஆறு சிறு வேளைகளாகப் பிரிப்பது மூச்சுக்கும் நல்லது.

சத்தமில்லாமலும் புரையேறும். உணவுக்குப் பின் குரல் கரகரத்தாலோ, கண்ணில் நீர் தேங்கினாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ சொல்லுங்கள். ஒரு வேளை உணவு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் மூக்குவழிக் குழாயோ வயிற்றில் பொருத்தும் குழாயோ பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. அதைத் தோல்வியாக நினைக்கும் தாய்மார்கள் பலர். குழாய் போட்ட பிறகு பிள்ளை மூச்சுத் திணறாமல் தூங்குவதைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

வீட்டில் சளி உறிஞ்சும் சக்ஷன் மிஷின் கொடுத்திருந்தால், கைக்குழந்தைக்கு அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. பாதரச அளவுக்குள் (mmHg) இருக்கட்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் உறிஞ்ச வேண்டாம். குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சாமல், வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள்.

எண்ணெய்க் குளியல், சாம்பிராணி, லேகியம் – பாட்டி சொல்கிறார். செய்யலாமா?

உடம்பில் எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. வயிற்றை மட்டும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெய் நுரையீரலில் தங்கி ஒரு தனி நிமோனியாவை உண்டாக்கும். நுரையீரலில் ஏற்கெனவே கொழுப்பு தேங்கும் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவதும் அப்படியே.

சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி மூன்றையும் பிள்ளை இருக்கும் அறையில் தவிர்த்து, கொசுவலை கட்டுங்கள். போகி அன்று விடியற்காலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளின் பக்கம் குடியிருப்பவர்கள் அங்கே தீப்பிடித்த செய்தி வந்தால் சில நாட்களுக்கு உறவினர் வீட்டுக்கு மாறுவது நல்லது. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் அப்படி நடந்தது. ‘கட்டி கரைய’ என்று வயிற்றில் சூடு போடுவதும், பெயர் தெரியாத பஸ்பமும் லேகியமும் கல்லீரலையும் தோலையும் கெடுப்பதைத் தவிர எதையும் செய்யாது.

மண்ணீரலை எடுத்துவிட்டால் பிளேட்லெட் ஏறிவிடும் என்கிறார்களே?

ஏறும், வீங்கிய மண்ணீரல்தான் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் இந்த நோயில் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. தேங்கும் கொழுப்பில் பெரும்பங்கை மண்ணீரல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தச் சுமை கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. அறுவைக்குப் பின் நுரையீரல் நோய் வேகமெடுப்பது தெரிந்த விஷயம். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை எதிர்க்கும் திறனும் குறைந்துவிடும். உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு, மண்ணீரல் கிழிதல் ஆகியவற்றைத் தவிர வேறு காரணத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன், சேமிப்பு நோய் தெரிந்த ஒரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்டே ஆக வேண்டும். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் தடுப்பூசிகளை முழுமையாக்குங்கள். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.

விளையாட அனுப்பலாமா?

அனுப்புங்கள். நடை, மெதுவான ஓட்டம், நீச்சல், பூப்பந்து எல்லாம் சரி. கபடி, கால்பந்து, மல்யுத்தம் வேண்டாம். பெரிதான மண்ணீரல் விலா எலும்பின் காப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது, அடிபட்டால் கிழியும். சென்னையில் விளையாட்டைவிட நாம் பயப்பட வேண்டியது டூவீலர். பிள்ளையைப் பெட்ரோல் டேங்க் மேல் முன்னால் உட்கார வைத்தால், திடீர் பிரேக்கில் ஹேண்டில்பார் நேரே இடது வயிற்றில் குத்தும். காரில் சீட் பெல்ட் வயிற்றின் குறுக்கே போகாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும்.

அடிபட்ட பிறகு வயிற்று வலியோடு இடது தோளும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, முகம் வெளிறி வியர்த்தாலோ, அது மண்ணீரலிலிருந்து ரத்தம் கசிவதாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

சில்லுமூக்கு அடிக்கடி உடைகிறது. காய்ச்சல் வந்தால் என்ன மருந்து கொடுப்பது?

பிள்ளையை உட்கார வைத்துத் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். இருபது நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் மூன்றும் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுப்பதால் தவிர்க்க வேண்டும். இரண்டு மருந்து கலந்த சிரப்புகளில் இவை ஒளிந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். பாரசிட்டமால் அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கின்றன. முதலாவதில் 6.25 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் இரட்டிப்பாகப் போய்விடும். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கல்லீரல் அதைத் தாங்காது.

மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்துகொள்ளும். உங்கள் பிள்ளையின் பிளேட்லெட் நல்ல நாளிலேயே 70,000 என்றால், அவசரப் பிரிவு மருத்துவர் அதை டெங்குவால் குறைந்தது என நினைக்கலாம். அல்லது நீங்களே ‘இவனுக்கு எப்போதும் இப்படித்தான்’ என்று உண்மையான டெங்குவை விட்டுவிடலாம். நோயின் பெயர், வழக்கமான பிளேட்லெட், ஹீமோகுளோபின், ஹிமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), மண்ணீரல் அளவு, வழக்கமான ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து பள்ளிப் பையில் ஒன்றும் பர்ஸில் ஒன்றும் வையுங்கள்.

ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாத வயதிலிருந்து வருடா வருடம். ஒன்பது வயதுக்குள் முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். நம் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. நிமோகாக்கஸ் தடுப்பூசியும் விட்டுப்போயிருக்கக் கூடாது.

கல்லீரல் கெட்டுவிடுமா?

சிலருக்குத் தழும்பு விழுந்து சிரோசிஸ் வரை போகலாம். ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள், அல்புமின் என்ற புரதம், ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் ஆகியவற்றோடு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் பார்ப்பார்கள். நல்ல கொலஸ்ட்ரால் மிகக் குறைவாகவும் டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருப்பது இந்த நோயின் இயல்பு. அது உணவால் வந்ததல்ல, எனவே பிள்ளையின் நெய்யையும் முட்டையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டார்கள். கரண்ட் போனால்?

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி ஒன்று உள்ள வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன், லைட் எதுவும் போடாமல் மூன்று மணி நேரம் ஓடினால் பெரிது. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்களின்போது நகரின் சில பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் பி டைப் சிலிண்டர் ஒன்று அவசியம். அதில் சுமார் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் 25 மணி நேரம், 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். ரெகுலேட்டர் சரியாகப் பூட்டுகிறதா என்று மழைக்கு முன்பே திறந்து பாருங்கள். புயல் நாளில் சாவி தேடக் கூடாது.

ஈரப்படுத்தும் பாட்டிலில் போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். காய்ச்சி ஆறிய தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றி தினமும் மாற்றுங்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி முழுதாகக் காய வைத்து மாட்டுங்கள். அடுப்பும் பூஜை விளக்கும் மூன்று மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மூக்குக் குழாய் மாட்டிய பிள்ளைக்கு முகத்தில் வாசலின் பூசாதீர்கள். நிமிட அளவை மருத்துவரைக் கேட்காமல் ஏற்றவும் வேண்டாம்.

ஊட்டிக்கோ விமானத்திலோ போகலாமா?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தமும் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக் குறையலாம். சென்னையில் 95 காட்டும் பிள்ளைக்கு அங்கே நன்றாகவே இறங்கும். டிஎல்சிஓ குறைவாகவோ நடையில் ஆக்சிஜன் இறங்குவதாகவோ இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

மருந்து இருக்கிறதா?

ஏஎஸ்எம்டி-க்கு ஒலிபுடேஸ் ஆல்ஃபா என்ற என்சைம் மருந்து 2022-இல் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா ஆகியவற்றில் அனுமதி பெற்றது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. குழந்தைகளுக்கான ஆய்வில் ஒரு வருடத்தில் மண்ணீரல் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. டிஎல்சிஓ செய்ய முடிந்த பிள்ளைகளில் அது சராசரியாக 33 சதவீதம் உயர்ந்தது. நுரையீரல் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று முன்பு இருந்ததில்லை. ஆனால் இந்த மருந்து மூளைக்குள் போகாது. ஏ வகையின் நரம்புப் பாதிப்பை மாற்றாது.

ஆரம்பத்திலேயே முழு அளவு கொடுத்தால் ஆபத்து. தேங்கிய கொழுப்பு ஒரேயடியாக உடைந்து செராமைடு என்ற பொருள் ரத்தத்தில் பெருகி, காய்ச்சல், வாந்தி, கடும் அழற்சி வரும். அதனால் குழந்தைக்குக் கிலோவுக்கு 0.03 மில்லிகிராமில் தொடங்கி 16 வாரங்களில் படிப்படியாக 3 மில்லிகிராமுக்கு ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தடவைக்கும் முன் கல்லீரல் என்சைம் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் காய்ச்சல் வரக்கூடும் என்பதால் முதல் மாதங்களில் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குங்கள். தொடர்ந்து மூன்று தடவை விட்டுப்போனால் முதல் அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். எனவே அடுத்த சில மாதத்துக்கான மருந்து உறுதியாகாமல் அவசரப்பட்டுத் தொடங்குவது சரியல்ல.

சி வகைக்கு மிக்லுஸ்டாட் நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ளது. வயிற்றுப்போக்கு அதன் வழக்கமான தொல்லை. 2024-இல் அரிமோக்ளோமால், லெவாசெட்டைல்லூசின் இரண்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

ஏ வகைக் குழந்தைக்கு வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. வலிநிவாரணக் குழுவினரை முதல் மாதத்திலேயே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். திணறலைத் தணிக்க அவர்கள் சிறிய அளவில் தரும் மார்ஃபினைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சென்னையில் யாரிடம் போவது? செலவுக்கு உதவி கிடைக்குமா?

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இன் கீழ் சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கொள்கையின்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பணம் குடும்பத்தின் கைக்கு வராது, மையத்தின் வழியாகவே செலவிடப்படும். பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டுமே இது பொருந்தும். உங்கள் பிள்ளையின் வகையும் மருந்தும் இப்போதைய பட்டியலில் உள்ளனவா என்று மரபியல் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். என்சைம் ரிப்போர்ட், ஜீன் ரிப்போர்ட், ஆதார், பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள் அனைத்தின் நகலையும் இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள்.

பல் பிடுங்கவோ எம்ஆர்ஐ எடுக்கவோ மயக்க மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முன்னேற்பாட்டோடு. மயக்கத்தில் மல்லாக்கப் படுத்தால் வயிறு நுரையீரலை அழுத்தும். கையிருப்பு ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். சின்ன கிளினிக்கில் வேண்டாம், குழந்தைகள் ஐசியு உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். பிளேட்லெட்டும் ரத்தம் உறையும் நேரமும் அந்த வாரத்திலேயே பார்த்திருக்க வேண்டும். தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலைகளை ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா? சொந்தத்தில் கட்டியதால்தானா?

தாய், தந்தை இருவரும் ஒரு பழுதான பிரதியைச் சுமந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்ற கணக்கு தவறு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது ஒரே தாத்தா பாட்டியின் பழுது இருவருக்கும் வந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வருவதுண்டு. பெண்ணின் மேல் பழி போடுவதற்கு இதில் இடமே இல்லை, பாதி அப்பாவிடமிருந்து வருவது.

கர்ப்பத்துக்கு முன்பே முதல் பிள்ளையின் ஜீன் ரிப்போர்ட்டும், பெற்றோர் இருவரின் பரிசோதனையும் கையில் இருக்க வேண்டும். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்தும், 16 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரிலிருந்தும் சிசுவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம். ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். 2021-இல் திருத்திய சட்டப்படி, மருத்துவக் குழு கடுமையான சிசுக் கோளாறு என உறுதிசெய்தால் 24 வாரத்தைத் தாண்டியும் கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. என்றாலும் நாள் தள்ளிப்போன வாரத்திலேயே மரபியல் மருத்துவரைப் பார்த்தால் நஞ்சுக்கொடிப் பரிசோதனைக்கு நேரம் கிடைக்கும். ஏ, பி வகை என்றால், வீட்டில் ஏற்கெனவே உள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு வயிறு வீங்காவிட்டாலும் ஒருமுறை என்சைம் பார்த்துவிடுங்கள். பி வகை சிலருக்குப் பெரியவரான பிறகுதான் வெளியே தெரிகிறது.